பிரெஞ்சு இமெர்ஷனைப் பெற்றுத் தந்தது அரசாங்கமல்ல, அம்மாமார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு கிழமைக்கு முன்னர் உங்கள் பத்திரிகையில் ஒரு ஐயா எழுதிய கடிதத்தை வாசித்தேன். பிரெஞ்சு இமெர்ஷன், அதாவது ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் பாதிப் பாடங்களையாவது பிரெஞ்சிலேயே படிப்பிக்கும் முறை, அரசாங்கம் வாக்குக்காக மேலேயிருந்து கொண்டுவந்து இறக்கிய திட்டம், வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அது சரிவரும், எங்கள் பிள்ளைகளுக்கு வீண் சுமை, அப்படி விடத்தான் வேண்டுமென்றால் வீட்டில் தமிழைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு விடுங்கள் என்று எழுதியிருந்தார். அவர் பேரப்பிள்ளைகள் மேலுள்ள அக்கறையில்தான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் மகளும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பொதுப் பள்ளிக்கூடத்தில் இமெர்ஷனில்தான் படிக்கிறாள், இப்போது தரம் 4. அதனால் இதைப் பற்றித் தேடி வாசித்து வைத்திருக்கிறேன். ஐயா சொன்ன முதல் விஷயம் நடந்த சரித்திரத்துக்கு நேர் எதிரானது. கடைசியாகச் சொன்ன யோசனையை நாலு குடும்பம் கேட்டு நடந்தால்கூட அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் நட்டம். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இடம் கொடுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். கனடாவின் இந்த ஒன்ராறியோ மாகாண அரசாங்கம் பிரெஞ்சைக் கொண்டுவரவில்லை, தடைதான் செய்தது. நூறு வருடத்துக்கு முன்னர் இந்த மாகாணத்தின் கிழக்கிலும் வடக்கிலும் பிரெஞ்சுக் குடும்பங்கள் இருந்த ஊர்களில் இருமொழிப் பள்ளிக்கூடங்கள் நடந்துகொண்டிருந்தன. ஆங்கில-பிரெஞ்சுப் பள்ளிகள் என்றே அரசாங்கப் பதிவுகளில் அவற்றுக்குப் பெயர். மேர்ச்சன்ட் என்ற கல்வி அதிகாரி அவற்றைப் பார்வையிட்டு, தரம் போதாது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி இல்லை என்று அறிக்கை கொடுத்தார். பயிற்சி இல்லையென்றால் பயிற்சி கொடுப்பதுதானே முறை? அப்போதைய மாகாண முதல்வர் ஜேம்ஸ் விட்னியின் அரசு 1912இல் 17ஆம் இலக்க ஒழுங்குவிதி என்று ஒன்றைப் போட்டு, முதல் இரண்டு வருடத்துக்குப் பிறகு பிரெஞ்சில் படிப்பிக்கவே கூடாது என்றது. அடுத்த வருடம் சற்று இறங்கி வந்து, ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் பாடமாக வைத்துக்கொள்ளலாம் என்றது. இதை ஆதரித்து நின்றவர்கள் புரட்டஸ்தாந்து ஒரேஞ்ச் சங்கத்தினர் மட்டும் என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சுக்காரரோடு ஒரே கோயிலில் முழந்தாளிட்ட ஐரிஷ் கத்தோலிக்கர் பலரும் அந்தப் பக்கம்தான் நின்றார்கள், ஒன்ராறியோ லண்டனின் ஆயர் மைக்கல் ஃபலன் உட்பட. மதம் ஒன்றாக இருந்தும் மொழி என்று வந்தபோது பிரிந்துபோனார்கள்.

அப்புறம் நடந்ததுதான் எங்கள் அம்மாமார் எல்லோரும் அறியவேண்டிய கதை. ஒட்டாவாவின் பழைய கீழ்நகரப் பகுதியில் மறே தெருவில் கீக் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே படிப்பித்த பியாத்ரிஸ், டியான் டெலோஜ் என்ற இரண்டு சகோதரிகள், ஒழுங்குவிதியை ஏற்கமாட்டோம் என்று பிரெஞ்சிலேயே தொடர்ந்து படிப்பித்தார்கள். அரசு, மக்கள் தெரிவுசெய்த கல்விச் சபையைத் தூக்கிவிட்டுத் தன் சொந்த ஆணைக்குழுவை வைத்திருந்த நேரம் அது. 1915இல் அந்த இருவரையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர்கள் பிள்ளைகளை வேறு இடங்களில் இருத்திப் பாடம் நடத்தினார்கள். 1916 ஜனவரியில், ஒட்டாவாக் குளிர் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அந்தக் குளிரில் தாய்மார் திரண்டு போய்ப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து ஆசிரியைகளைத் திரும்ப வகுப்பில் நிறுத்தினார்கள். பொலிஸ் வந்தது. அந்தக் காலத்துப் பெண்கள் பெரிய தொப்பி கழன்று விழாமல் குத்திவைக்கும் நீளமான ஊசியையும், கத்தரிக்கோலையும், அடுப்படிச் சாமான்களையும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் காவல் நின்றார்கள். தொப்பியூசிச் சண்டை என்றுதான் இன்றும் அதைச் சொல்கிறார்கள். யாருடைய அரசியல் கணக்கும் இல்லை இதில். தங்கள் பிள்ளை தங்கள் மொழியிலும் படிக்கவேண்டும், நாட்டின் மற்ற மொழியும் படிக்கவேண்டும், இவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

பத்திரிகைக்கு எழுதுகிறபடியால் இதையும் சொல்லிவிடுகிறேன்: ஒட்டாவாவில் 'லு துருவா' என்ற பிரெஞ்சுப் பத்திரிகை 1913இல் தொடங்கப்பட்டதே இந்த ஒழுங்குவிதியை எதிர்ப்பதற்காகத்தான். ஒரு சமூகம் தன் பள்ளிக்கூடத்துக்காக ஒரு பத்திரிகையையே தொடங்கியிருக்கிறது.

வழக்கு இங்கிலாந்தின் லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை போனது, அந்தக் காலத்தில் கனடாவுக்குக் கடைசி மேன்முறையீட்டு நீதிமன்றம் அதுதான். 1916இல் வந்த தீர்ப்பில் அரசு வைத்த ஆணைக்குழு செல்லாது என்றார்கள், ஆனால் ஒழுங்குவிதி செல்லும் என்றும் சொல்லிவிட்டார்கள். 1912இலிருந்து பதினைந்து வருடம் இழுபட்ட பிறகு, 1927இல் மூன்று பேர் கொண்ட ஆய்வுக்குழு ஒன்று, இந்தத் தடை பிள்ளைகளின் ஆங்கிலத்தையும் வளர்க்கவில்லை, இதைக் கைவிடுங்கள் என்ற முடிவுக்கு வந்தது. அந்த மூவரில் ஒருவர் யார் தெரியுமா? முதல் அறிக்கை எழுதிய அதே மேர்ச்சன்ட். அதற்குப் பிறகு அந்த விதியை அமல்படுத்துவதை விட்டுவிட்டு, ஒட்டாவாப் பல்கலைக்கழகத்தில் இருமொழி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை அங்கீகரித்தார்கள். 1912இலேயே செய்திருக்க வேண்டிய வேலை. ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் படிப்பு இடையில் போய்விட்டது. 2016 பெப்ரவரியில் முதல்வர் கத்லீன் வின் சட்டசபையில் எழுந்து இதற்காக மன்னிப்புக் கேட்டார்.

சரி, இது பிரெஞ்சுக்காரர் தங்கள் மொழிக்காக நின்ற கதை. இமெர்ஷன் வேறு, அது ஆங்கிலம் பேசும் பெற்றோர் கேட்டு வாங்கியது. அதற்கு ஆற்றைக் கடந்து, பெரும்பான்மையோர் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்துக்குப் போகவேண்டும். மொன்றியலுக்கு எதிர்க்கரையில் செயின்ட் லம்பேர் என்று ஒரு ஊர். ஒரே தெருவில் பிரெஞ்சு வீடும் ஆங்கில வீடும் பக்கத்தில் பக்கத்தில். ஆனால் பள்ளிக்கூடங்கள் மத அடிப்படையில் பிரிந்திருந்தன. புரட்டஸ்தாந்துப் பள்ளிகளில் ஆங்கிலம், கத்தோலிக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் பிரெஞ்சு. (இந்தப் பிரிவினை கியூபெக்கில் 1998இல்தான் மாறியது.) ஆங்கிலப் பிள்ளைகள் வருடக்கணக்காகப் பிரெஞ்சு பாடம் படித்துச் சோதனையும் பாஸ் பண்ணிவிட்டு, முன் வீட்டுப் பிள்ளையோடு ஒரு வசனம் பேசத் தெரியாமல் நின்றார்கள். மாகாணமோ வேகமாக மாறிக்கொண்டிருந்தது, பிரெஞ்சு தெரியாமல் இனி அங்கே வேலை இல்லை என்பது கண்ணுக்குத் தெரிந்த காலம்.

1963 ஒக்ரோபரில் ஒரு டசின் பெற்றோர் ஒரு வீட்டில் கூடினார்கள். ஒல்கா மெலிகொஃப், வலெரி நீல், முரியல் பார்க்ஸ் என்ற மூன்று தாய்மார் அதை முன்னின்று நடத்தினார்கள். செயின்ட் லம்பேர் இருமொழிப் பள்ளி ஆய்வுக் குழு என்று பெயர் வைத்தார்கள். கல்விச் சபையிடம் போனார்கள், சபை கையை விரித்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நேரத்துக்கு வெளியே தாங்களே பிரெஞ்சு வகுப்பு நடத்தினார்கள். மகில் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த வலஸ் லம்பேர்ட்டிடமும், மொன்றியல் நரம்பியல் நிறுவனத்தை நிறுவிய மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டிடமும் போய் ஆதரவு கேட்டார்கள். சும்மா மனு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கவில்லை. இரண்டு வருடம் விடாமல் தட்டிய பிறகு, அரைமனதோடு, பரீட்சார்த்தமாக என்று சொல்லி 1965 செப்டெம்பரில் ஒரே ஒரு பாலர் வகுப்பைச் சபை திறந்தது. 26 பிள்ளைகள். முதல் நாளிலிருந்து ஆசிரியை பிரெஞ்சு தவிர வேறு எதுவும் கதைக்கமாட்டார். எழுத்தும் வாசிப்பும் முதலில் பிரெஞ்சில், ஆங்கிலம் ஒரு பாடமாக வருவது இரண்டாம் தரத்தில், அதற்குப் பிறகு தரம் ஏற ஏற ஆங்கிலத்தின் பங்கு கூடும்.

லம்பேர்ட் தன் குழுவோடு வருடா வருடம் அந்தப் பிள்ளைகளைச் சோதித்தார். ஆங்கில வகுப்புப் பிள்ளைகளோடும் பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகளோடும் ஒப்பிட்டார். முதல் தரத்தில் ஆங்கில வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள், ஆங்கிலப் பாடம் தொடங்கியதும் எட்டிப்பிடித்தார்கள், ஐந்தாம் தரத்தில் வித்தியாசம் இல்லை. பிரெஞ்சில் படித்த கணக்கை ஆங்கிலத்தில் கேட்டாலும் செய்தார்கள். விளங்கிக்கொள்வதில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குக் கிட்ட வந்தார்கள், பேச்சிலும் எழுத்திலும் அந்த அளவுக்கு வரவில்லை, ஏனென்றால் வகுப்புக்கு வெளியே அவர்களுக்குப் பிரெஞ்சுச் சிநேகிதர் குறைவு. இந்தக் குறை இன்றுவரை இமெர்ஷனில் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை.

இரண்டு மொழி படித்தால் பிள்ளை குழம்பும் என்ற ஐயாவின் பயத்துக்கு லம்பேர்ட் அதற்கு முன்னரே, 1962இல், எலிசபெத் பீல் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து பதில் சொல்லியிருந்தார். மொன்றியலில் வசதியில் ஒத்த குடும்பங்களின் பத்து வயதுப் பிள்ளைகளை எடுத்துப் பார்த்ததில், இரண்டு மொழியும் நன்றாக அறிந்த பிள்ளைகள் அறிவுச் சோதனைகளில் முன்னுக்கு நின்றார்கள். அதற்கு முந்தைய பல ஆய்வுகள் ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளை வசதியான பிள்ளைகளோடு ஒப்பிட்டுவிட்டு, குறையை மொழியின் தலையில் போட்டிருந்தன.

1969இல் உத்தியோக மொழிகள் சட்டம் வந்த பிறகுதான் மத்திய அரசு பணம் கொடுக்கத் தொடங்கியது. அதாவது பெற்றோர் செய்து காட்டியதற்குப் பின்னால்தான் அரசாங்கம் வந்தது. இன்று நாடு முழுக்க நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இமெர்ஷனில் படிக்கிறார்கள்.

இனி எங்கள் விஷயத்துக்கு வருகிறேன், எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

செயின்ட் லம்பேரில் தொடங்கிய அந்த இருமொழி வகுப்பின் நோக்கம் என்ன? பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கும் மொழிக்கு மேல் இன்னொன்றைச் சேர்ப்பது. இருப்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைப்பது அல்ல. லம்பேர்ட் பிறகு இதையே தெளிவாகப் பிரித்து எழுதினார்: சேர்கிற இருமொழி ஒன்று, கழிகிற இருமொழி இன்னொன்று. செயின்ட் லம்பேர் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எங்கேயும் போய்விடாது, வீட்டில் ஆங்கிலம், தொலைக்காட்சியில் ஆங்கிலம், கடையில் ஆங்கிலம். அந்தப் பாதுகாப்பு இருந்தபடியால்தான் பயமில்லாமல் முழுக்கப் பிரெஞ்சில் இறக்கினார்கள். எங்கள் வீட்டு மொழிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பள்ளிக்கூடம் பிரெஞ்சைப் பார்த்துக்கொள்ளும், ரோட்டும் ரீவியும் ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள்ளும், தமிழைப் பார்த்துக்கொள்ள எங்களைத் தவிர ஆளில்லை. வீட்டில் தமிழைக் குறையுங்கள் என்று ஐயா சொல்வது, அந்தத் திட்டம் எந்த அடித்தளத்தில் வெற்றிபெற்றதோ அதையே தோண்டி எடுங்கள் என்பது போல. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஜிம் கமின்ஸ் 1970களின் இறுதியிலிருந்து இதைத்தான் சொல்லிவருகிறார்: ஒரு மொழியில் ஆழமாக விளங்கிக்கொண்ட விஷயம் மற்ற மொழிக்கும் உதவும், வீட்டு மொழியை வெட்டினால் பள்ளிக்கூட மொழி வளர்ந்துவிடாது.

இதை என் வீட்டிலேயே பார்த்தேன். மகள் இரண்டாம் தரத்தில் இருந்தபோது தண்ணீர் ஆவியாகி மேகமாகித் திரும்ப மழையாக விழுவதைப் பிரெஞ்சில் படித்துவிட்டு வந்தாள். எனக்குப் பிரெஞ்சு வராது. கிழமைக்கு ஒருமுறை டிக்தே என்று சொல்வதெழுதல் வைப்பார்கள், அதற்கான சொற்களைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி, உச்சரிப்பை மகளிடம் கேட்டுப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் நான் அவளிடம் கேட்பேன், எங்களில் எத்தனையோ பேர் செய்கிற வேலை அது. அன்றைக்கு என் அம்மா, இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்டார். அவர் தினமும் கேட்பார், தமிழில்தான் பதில் வரவேண்டும். பிள்ளை பிரெஞ்சுச் சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள், அம்மம்மாவுக்கு விளங்கவில்லை. அப்புறம் அடுப்பில் இருந்த சோற்றுப் பானையைக் காட்டி, "அம்மம்மா, மூடியைத் திறந்தா உள்பக்கம் தண்ணி துளித்துளியா நிக்குதே, கீழ இருந்த தண்ணிதான் மேல போய் நிக்குது, அது மாதிரித்தான் மழை" என்றாள். அடுத்த கிழமை வகுப்பில் இதையே பிரெஞ்சில் சொல்லிக்காட்டியிருக்கிறாள். அம்மா தினமும் தமிழில் கேட்டிருக்காவிட்டால் அவள் அந்தச் சொல்லை மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டுப் போயிருப்பாள், அவ்வளவுதான்.

வீட்டில் பிரெஞ்சு தெரியாதே, எப்படி உதவுவது என்று கேட்கிறவர்களுக்கு: செயின்ட் லம்பேர் தாய்மாரின் வீடுகளும் ஆங்கில வீடுகள்தான். பெற்றோருக்குப் பிரெஞ்சு தெரியாது என்று எண்ணித்தான் இந்த வகுப்பே வடிவமைக்கப்பட்டது. மொன்றியலைப் பாருங்கள். 1977இன் 101ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு அங்கே குடியேறிய எங்கள் ஆட்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம்தான் போகவேண்டும். அவர்கள் கலியாண வீடுகளில் ஒரு மேசையில் இருந்துகொண்டு மூன்று மொழியிலும் கதைப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் பல பேர் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். பிரெஞ்சு மொழிப் பள்ளிக்கூடங்கள் வேறு, அவற்றுக்குத் தனிக் கல்விச் சபைகள் உண்டு, அவை 1982 உரிமைச் சாசனத்தின் 23ஆம் பிரிவில் பிரெஞ்சுச் சமூகத்துக்கு உள்ள உரிமை. கீக் பள்ளிக்கூடத் தாய்மாரின் வழி வந்தவை அவை என்று சொல்லலாம். இமெர்ஷன் ஆங்கிலக் கல்விச் சபைகளுக்குள் நடப்பது. ஒன்ராறியோவில் இமெர்ஷன் என்றால் பாதிப் பாடமாவது பிரெஞ்சில் இருக்கவேண்டும், எட்டாம் தரம் முடியும்போது 3800 மணித்தியாலமாவது பிரெஞ்சில் படித்திருக்கவேண்டும். சாதாரணப் பிரெஞ்சுப் பாடத்தில் அது 600 மணித்தியாலம். 600 மணித்தியாலத்தில் ஒரு பிள்ளை சரளமாகப் பேசவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

குறை இல்லாமல் இல்லை. தகுதியான ஆசிரியர் தட்டுப்பாடு எல்லா இடமும் இருக்கிறது. வாசிக்கக் கஷ்டப்படுகிற பிள்ளை என்றால், இது சரிவராது, ஆங்கில வகுப்புக்கு மாற்றுங்கள் என்று பெற்றோரிடம் மெதுவாகச் சொல்லி அனுப்புகிற வழக்கம் இருக்கிறது. இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. மகில் பல்கலைக்கழகத்தின் ஃபிரெட் ஜெனசி பல வருடமாக ஆராய்ந்து, கற்கச் சிரமப்படும் பிள்ளை இமெர்ஷனில் இருந்தாலும் அதேமாதிரிப் பிள்ளை ஆங்கில வகுப்பில் செய்கிற அளவுக்குச் செய்கிறது என்று காட்டியிருக்கிறார். தேவைப்படுவது கூடுதல் உதவி. அதைக் கொடுக்காமல் அனுப்பிவிடும்போது மிஞ்சுவது வசதியான வீட்டுப் பிள்ளைகளின் வகுப்பு. புதிதாக வந்த குடும்பங்கள், பதில் பேசத் தயங்குகிற எங்கள் ஆட்கள், சரி ரீச்சர் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். வரவேண்டாம். என்ன உதவி கொடுத்தீர்கள், எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். ஒன்ராறியோவில் ஒவ்வொரு பொதுப் பள்ளிக்கூடத்திலும் பெற்றோர் சபை இருக்கவேண்டும் என்பது சட்டம், அந்தக் கூட்டத்துக்கு மாலையில் போய் இருங்கள். நான் போகிற கூட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் அங்கே வரும் தமிழ்ப் பெற்றோரின் எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை.

தமிழுக்கும் இதே வழிதான். இந்த மாகாணத்தில் 1977இல் பாரம்பரிய மொழித் திட்டம் வந்தது, இப்போது சர்வதேச மொழிகள் திட்டம் என்கிறார்கள், கிழமைக்கு இரண்டரை மணித்தியாலம் வரை. எங்கள் பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள் பல அதன் கீழ்தான் நடக்கின்றன. போதிய பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து எழுத்தில் கேட்டால் கல்விச் சபை வகுப்பைத் திறக்கவேண்டும். இமெர்ஷன் நடக்கிற பள்ளிக்கூடங்களிலேயே அந்த வகுப்பையும் கேட்போம். வெள்ளி வரை பிரெஞ்சு படித்த அதே கட்டடத்துக்குச் சனிக்கிழமை தமிழ் படிக்கப் போகட்டும் பிள்ளை.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். ரொறன்ரோக் கல்விச் சபையில் இமெர்ஷன் மூத்த பாலர் வகுப்பில் தொடங்குகிறது, விண்ணப்பம் அதற்கு முந்தைய வருடமே கொடுக்கவேண்டும். தேதி போன பிறகுதான் எங்கள் ஆட்கள் பல பேர் விசாரிக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் இலையுதிர் காலத்தில், ரொறன்ரோ, பீல், யோர்க், டுராம் சபைகளின் இமெர்ஷன் விண்ணப்பத் தேதிகளையும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளுக்குப் பதியும் விபரத்தையும் ஒரே பக்கத்தில் போடுங்கள். கடிதம் எழுதிய ஐயாவுக்கும்: உங்கள் பேரப்பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று தினமும் தமிழில் கேளுங்கள். பிரெஞ்சு தெரியாவிட்டால் பரவாயில்லை.

அன்புடன்,
ஒரு தாய்
ஸ்காபரோ